வேக மூச்சு கடலுக்கடியில் நேரத்தைக் கூட்டாது

திருகோணமலை நிலாவெளிக்கு அருகிலுள்ள புறாத்தீவுக்குப் போகிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு சுற்றுகிறது: ஸ்நோர்கல் (வாயில் வைக்கும் மூச்சுக்குழாய்) போட்டு முங்குமுன் வேகவேகமாக மூச்சை இழுத்துவிட்டால் ஒட்சிசன் கூடும், பவளப்பாறையடியில் கனநேரம் நிற்கலாம் என்று. இது பிழை. ஆளையே கொல்லக்கூடிய பிழை.

சுகமாக இருப்பவரின் இரத்தம், தன்னால் ஏந்தக்கூடிய ஒட்சிசனில் 95 வீதத்துக்கு மேல் ஏற்கெனவே ஏந்தியிருக்கிறது. வேக மூச்சு குறைப்பது காபனீரொட்சைட்டை. மூச்சு முட்டவைத்து நம்மை மேலே வரச்செய்வதே அதுதான். அது குறைந்தால், முட்டல் வருமுன்னே ஒட்சிசன் தீர்ந்து மயக்கம் வரும். சத்தமும் இராது, கையசைப்பும் இராது. கைதேர்ந்த நீச்சல்காரருக்கும் இதே கதிதான்.

சாதாரணமாக மூச்சு எடுத்து இறங்குங்கள். ஒருவர் முங்கினால் மற்றவர் மேலே நின்று கவனிக்க வேண்டும். நிலாவெளியில் படகேறும்போதே சோடி யாரென்று பேசிவிடுங்கள். யாராவது மயங்கினால் முதலில் முகத்தைத் தண்ணீருக்கு மேலே தூக்கி, வாயிலிருக்கும் குழாயை எடுத்துவிடுங்கள்.