கோழி வெட்டுற தம்பிக்கு ஜுரம் வந்தா யார்கிட்ட சொல்லுவான்?

வியாசர்பாடில எங்க தெரு முனை கோழிக்கடையில வேலை பாக்குற தம்பி, இருபது வயசு இருந்தா அதிகம், போன மாசம் நாலு நாள் ஜுரத்தோடவே கோழி வெட்டிட்டு இருந்தான். கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. லீவ் போட வேண்டியதுதானேப்பான்னேன். "லீவ் போட்டா கூலி கெடையாதுக்கா, ஜுரம்னு தெரிஞ்சா வேற ஆள வெச்சுக்குவாங்க"ன்னான். சாதா ஜுரம்தான், சரியாப் போச்சு. ஆனா எனக்கு மனசு ஆறல.

பறவைக் காய்ச்சல்னு நியூஸ் வந்தாலே நாம எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், சிக்கன் சாப்பிடலாமா, முட்டை சாப்பிடலாமா. நல்லா வேகவெச்சா பயமே இல்லைங்க, உள்ள வரைக்கும் 70 டிகிரி சூடு ஏறிட்டா அந்தக் கிருமி செத்துடும். பயப்பட வேண்டியது அந்தத் தம்பிக்காக. கூண்டுக்குள்ள கைய விட்டு காலப் புடிச்சு இழுக்கும்போது கோழி படபடன்னு அடிச்சுக்கும், எச்சமும் தூசியும் மூஞ்சி மேலயே தெறிக்கும், அறுத்து டிரம்ல போட்டா அடங்குற வரைக்கும் உள்ள கெடந்து துள்ளும், அப்புறம் தோல உரிச்சு குடல உருவி கத்தியையும் கையையும் ஒரே ஈரத்துணியில தொடச்சுட்டு அதே கையால டீ கிளாஸ வாங்குவான். கிளவுஸ் கெடையாது, மாஸ்க் கெடையாது.

இது ஒண்ணும் புதுசா வந்த நோய் இல்ல. 1997ல ஹாங்காங்ல 18 பேருக்கு வந்து 6 பேர் செத்தாங்க. உயிர்க்கோழி விக்கிற மார்க்கெட்டுலதான் பிரச்சனைன்னு கண்டுபுடிச்சு ஊர்ல இருந்த கோழி மொத்தத்தையும் அழிச்சாங்க. அதோட விடல, 2001லேர்ந்து மாசத்துல ஒரு நாள் கடைய காலி பண்ணிக் கழுவி விடணும்னாங்க, 2008ல ராத்திரி கடையில உயிர்க்கோழியே இருக்கக் கூடாதுன்னாங்க. கோழி தங்கத் தங்கத்தான் கிருமியும் தங்கும். நம்ம ஏரியா கடைங்கள்ல நேத்து மிஞ்சின கோழி மேல இன்னிக்கு வந்த கோழியக் கொட்டுறாங்க, கூண்டு காலியாகுறதே இல்ல.

பறவைக் காய்ச்சல்ல H5N1ங்கிற வகை மட்டும் 2003லேர்ந்து உலகம் பூரா 900 பேருக்கு மேல வந்திருக்கு, கிட்டத்தட்ட பாதிப் பேர் செத்துட்டாங்க. மனுஷன்கிட்டேர்ந்து மனுஷனுக்கு இன்னும் சுலபமா பரவல, அதான் நமக்கு இருக்கிற டைம். போன வருஷம், 2025 மார்ச்ல, பக்கத்து ஆந்திராவுல ரெண்டு வயசுக் கொழந்த இதுல போயிடுச்சு. பச்சைக் கறித் துண்டு ஒண்ணு வாயில போட்டுச்சுன்னு வீட்டுல சொன்னாங்களாம். படிச்சதுலேர்ந்து கறி கழுவும்போது எம் பொண்ண கிச்சன் பக்கமே விடுறதில்ல.

எனக்குக் கோவம் வர்ற எடம் காசு விஷயம். நோய் வந்த எடத்த சுத்தி ஒரு கிலோமீட்டருக்கு கோழி வாத்து எல்லாத்தையும் அழிப்பாங்க. அப்படி அழிக்கிற கோழிக்கு நஷ்டஈடு உண்டு, அதுக்கு முன்னாடியே நோயில செத்ததுக்குக் கெடையாது. அப்போ மொட்டை மாடியில பத்து நாட்டுக்கோழி வளர்க்கிற ஆயா, ரெண்டு கோழி செத்தா யாருக்குச் சொல்லும்? கவர்ல சுத்தி குப்பைத் தொட்டில போட்டுடும். அத தூய்மைப் பணியாளருங்க வெறுங்கையால அள்ளுவாங்க, கொடுங்கையூர் குப்பைக் கிடங்குல காக்காவும் பருந்தும் கொத்தும். சொன்னவங்களுக்கு நஷ்டம்னா யாரும் சொல்ல மாட்டாங்க. செத்த கோழிக்கும் காசு குடுங்க, கடைய மூடுற நாளுக்கு வெட்டுற பசங்களுக்கும் கூலி குடுங்க, தகவல் தானா வரும்.

கடை ஓனருங்களுக்கு ஒண்ணு கேக்குறேன், மாசத்துல ஒரு நாள் கூண்ட காலி பண்ணி பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவுங்க, பசங்களுக்கு கிளவுஸ் வாங்கிக் குடுங்க. வெட்டுற பையனுக்கு ஜுரம், கண்ணு செவப்பு, மூச்சு வாங்குதுன்னா வீட்டுல இருக்கிறவங்க மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டு விட்டுடாதீங்க. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனதும் மொதல்ல "இவன் கோழி வெட்டுற வேலை பாக்குறான்"னு சொல்லுங்க, அவங்களா கேக்க மாட்டாங்க. இதுக்கு மருந்து இருக்கு, ஆனா ஜுரம் ஆரம்பிச்சு ரெண்டு நாளுக்குள்ள குடுத்தாத்தான் நல்லா கேக்கும்.