நிபந்தனையோடு கொடுக்கப்படும் துப்பாக்கி

உள்நாட்டுப் போர் நடக்கும் நாட்டுக்கு ராணுவ உதவி கொடுக்கலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், நல்லெண்ணம் உள்ளவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் நிற்கிறார்கள். "கொடுக்காமல் ஒதுங்கினால் அந்த ராணுவம் நம் பேச்சைக் கேட்காது. மனித உரிமை நிபந்தனை போட்டுக் கொடுப்போம். உள்ளே இருந்து திருத்துவோம்." கேட்கப் பக்குவமாகத்தான் இருக்கிறது. கொடுக்கவே கூடாது என்பவன் வீம்புக்காரன், கண்ணை மூடிக்கொண்டு கொடு என்பவன் கொடியவன், இவர்கள் மட்டும் நடுவில் நிதானமாக இருப்பவர்கள் என்று தோன்றும். எனக்கு இந்த நிதானத்தின் மீது நம்பிக்கை இல்லை. காரணம் எல் சால்வடோர். இந்த வாதம் அங்கே பன்னிரண்டு ஆண்டுகள், கோடிக்கணக்கான டாலர் செலவில், சோதித்துப் பார்க்கப்பட்டது.

மத்திய அமெரிக்காவிலேயே மிகச் சிறிய நாடு அது. பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான். காப்பித் தோட்டங்கள் சில குடும்பங்களின் கையில் இருந்தன. ராணுவ அதிகாரிகள் மாறி மாறி ஆண்டார்கள். பக்கத்து நிகரகுவாவில் 1979இல் சாண்டினிஸ்டாக்கள் என்ற இடதுசாரி கெரில்லாக்கள் ஆட்சியைப் பிடித்ததும், அடுத்தது எல் சால்வடோர்தான் என்று வாஷிங்டன் பயந்தது. 1980இல் இங்கும் இடதுசாரி கெரில்லாக் குழுக்கள் எஃப்.எம்.எல்.என். என்ற பெயரில் ஒன்றுசேர்ந்தன.

அந்த ஆண்டு பிப்ரவரியில் சான் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோ அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் அதை மக்களுக்கு வாசித்துக் காட்டினார். நீங்கள் கிறிஸ்தவர், மனித உரிமையைக் காக்க விரும்புகிறவர், ஆகவே கேட்கிறேன், இந்த ராணுவத்துக்கு உதவி செய்யாதீர்கள், செய்தால் அநீதியும் அடக்குமுறையும் கூடத்தான் செய்யும் என்பதே கடிதத்தின் சாரம். மார்ச் 24 அன்று, ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சில நாள்களிலேயே சுமார் 57 லட்சம் டாலர் ராணுவ உதவிக்கு வாஷிங்டனில் பச்சைக்கொடி காட்டப்பட்டது. லாரி, வானொலிக் கருவி போன்றவைதான், ஆளைக் கொல்லும் ஆயுதம் இல்லை என்று விளக்கமும் வந்தது. லாரியில் யார் ஏறிப் போவார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

டிசம்பரில் நான்கு அமெரிக்கப் பெண்கள், மூன்று கன்னியாஸ்திரிகளும் ஒரு தொண்டரும், எல் சால்வடோரின் தேசியக் காவல்படையினரால் வன்புணர்வு செய்யப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கார்ட்டர் உதவியை நிறுத்தினார். ஜனவரியில் கெரில்லாக்கள் பெரும் தாக்குதலைத் தொடங்கியதும் அதே கார்ட்டர், பதவி முடியச் சில நாள்களே இருந்த நிலையில், இந்த முறை ஆயுதங்களோடு சேர்த்தே உதவியைத் திறந்துவிட்டார். கொலை செய்தவர்கள் யாரும் தண்டிக்கப்பட்டிருக்கவில்லை.

எல் சால்வடோர் தளபதிகளின் இடத்தில் நின்று இதைப் பாருங்கள். அமெரிக்கக் கன்னியாஸ்திரிகளைக் கொன்றால்கூட ஒன்றரை மாதத்தில் உதவி திரும்ப வரும். போரில் தோற்றுவிடுவோமோ என்ற பயம் வாஷிங்டனுக்கு நம்மைவிட அதிகம். அடுத்த பத்தாண்டுகளில் அவர்கள் நடந்துகொண்ட விதத்தை இந்த ஒரு கணக்கை வைத்தே விளக்கிவிடலாம்.

அடுத்த அதிபராக ரீகன் வந்தார். உதவி பெருகியது. அமெரிக்க நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு கிளம்பவே, 1981 டிசம்பரில் ஒரு சமரசம் சட்டமானது. எல் சால்வடோர் அரசு மனித உரிமையைக் காக்க உண்மையாக முயல்கிறது, தன் ராணுவத்தைக் கட்டுக்குள் கொண்டுவருகிறது, நிலச் சீர்திருத்தம் செய்கிறது என்று அதிபர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சான்று அளிக்க வேண்டும். அளித்தால் உதவி தொடரும். நிபந்தனைக்காரர்களின் கனவுச் சட்டம் இது.

அந்த மாதம் 11ஆம் தேதியே மொராசான் மாகாணத்தில் எல் மொசோட்டே என்ற கிராமம் அழிக்கப்பட்டிருந்தது. செய்தது அட்லகாட்டில் பட்டாலியன். அமெரிக்கப் பயிற்சி பெற்ற முதல் அதிரடிப் படைப்பிரிவு, இந்த உதவித் திட்டத்தின் செல்லப்பிள்ளை. அந்த ஊரில் பலர் சுவிசேஷ சபையினர். கெரில்லாக்களோடு ஒட்டாமல் இருந்தவர்கள். அதனால்தான் சுற்றுவட்டாரத்து மக்களும் இங்கே இருந்தால் பாதுகாப்பு என்று நம்பி வந்து சேர்ந்திருந்தார்கள். ஆண்களைத் தனியே, பெண்களைத் தனியே, பிள்ளைகளைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். அக்கம்பக்கத்து ஊர்களையும் சேர்த்துக் கொல்லப்பட்டவர்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. பாதிக்கு மேல் சிறுவர் சிறுமியர். மறைந்திருந்து உயிர் தப்பிய ரூஃபினா அமாயா, தன் கணவரையும் நான்கு பிள்ளைகளையும் அங்கே பறிகொடுத்தவர், உலகுக்குச் சாட்சி சொன்னார்.

1982 ஜனவரி 27 அன்று நியூயார்க் டைம்ஸிலும் வாஷிங்டன் போஸ்ட்டிலும் முதல் பக்கத்தில் செய்தி வந்தது. ரேமண்ட் பானர், அல்மா கியெர்மோப்ரியேட்டோ ஆகிய இருவரும் நேரில் போய்ப் பிணங்களைப் பார்த்து எழுதியிருந்தார்கள். மறுநாள், ஜனவரி 28 அன்று, முதல் சான்றில் ரீகன் கையெழுத்திட்டார்.

மறுநாள்.

அடுத்த சில நாள்களில் வெளியுறவுத் துறையின் தாமஸ் எண்டர்ஸ் நாடாளுமன்றக் குழுவின் முன் வந்து, அரசுப் படைகள் பொதுமக்களைத் திட்டமிட்டுக் கொன்றதாக உறுதிப்படுத்த ஆதாரம் இல்லை என்றார். மனித உரிமைப் பொறுப்பில் இருந்த எலியட் ஆப்ரம்ஸ், சொல்லப்படும் எண்ணிக்கை நம்பும்படி இல்லை என்றார். அமெரிக்கத் தூதரகம் அனுப்பிய இரண்டு அதிகாரிகள் அந்தக் கிராமத்துக்குள் கால்கூட வைக்கவில்லை. செய்தி எழுதிய பானரை ரீகன் ஆதரவுப் பத்திரிகைகள் குதறின. சில மாதங்களில் அவர் மத்திய அமெரிக்காவிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். சான்றோ 1982 ஜூலையில், 1983 ஜனவரியில், மறுபடி ஜூலையில் என்று தவறாமல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் சட்டத்தை நீட்டிக்கும் மசோதா வந்தபோது ரீகன் கையெழுத்திடாமல் காலாவதியாக விட்டார். பொய்ச் சான்று எழுதும் சிரமமும் இல்லாமல் போயிற்று.

பதினோரு ஆண்டு கழித்து, 1992இல், அர்ஜெண்டினாவின் தடய மானுடவியல் குழு அந்தக் கிராமத்தில் தோண்டியது. தேவாலயத்தை ஒட்டிய ஒரே கட்டடத்தில் 143 எலும்புக்கூடுகள். அவற்றில் 131 பன்னிரண்டு வயதுக்கும் குறைந்த குழந்தைகளுடையவை. கிடைத்த தோட்டா உறைகளில் முத்திரை படிக்க முடிந்தவை, மிசோரி மாநிலத்து லேக் சிட்டி ஆலையில் அமெரிக்க அரசுக்காகத் தயாரானவை. அமெரிக்க உதவி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதற்கு மேல் தணிக்கை தேவையில்லை.

நிபந்தனை ஏன் வேலை செய்யவில்லை? நம் ஊரில் வட்டிக்கு விடுபவர்களுக்கு இது தெரியும். சிறு கடன்காரன் கொடுத்தவனைக் கண்டு பயப்படுவான். கடன் ஓர் அளவுக்கு மேல் போய்விட்டால், கொடுத்தவன்தான் வாங்கியவனைக் கண்டு பயப்படுவான். அந்த அரசு விழக்கூடாது என்று அமெரிக்கா முடிவு கட்டிவிட்ட பிறகு, நிறுத்துவேன் என்ற மிரட்டலுக்குச் சான் சால்வடோரில் மதிப்பில்லை. சான்று எழுதும் வேலையும், எப்படியும் கொடுத்தே தீரவேண்டும் என்று நினைத்தவரிடமே இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கெரில்லாக்கள் சாதுக்கள் இல்லை. ஊர் மேயர்களைக் கொன்றார்கள், ஆள் கடத்தினார்கள், கண்ணிவெடி வைத்தார்கள். அவர்களுக்கும் கியூபா, நிகரகுவா வழியாக ஆயுதம் வந்தது. (அவற்றில் வியட்நாமில் அமெரிக்கா விட்டுவந்த எம்-16 துப்பாக்கிகளும் இருந்தன. ஆயுதங்களுக்கு ஆயுள் அதிகம்.) 1983 டிசம்பரில் துணை அதிபர் புஷ் நேரில் வந்து, கொலைப் படைகளை நிறுத்தாவிட்டால் உதவி கிடைக்காது என்று தளபதிகளிடம் கண்டிப்பாகச் சொன்னார், அதன்பின் அந்தக் கொலைகள் குறைந்ததும் உண்மை. 1984 தேர்தலில் நெப்போலியன் துவார்த்தே என்ற சிவிலியன் அதிபரானார். ஆதரவாளர்கள் இவற்றையெல்லாம் அடுக்குவார்கள். அடுக்கட்டும்.

ஆனால் அதே 1984இல் நடந்த இன்னொன்றை அவர்கள் சொல்வதில்லை. கன்னியாஸ்திரிகள் வழக்கில் தீர்ப்பு வரும்வரை ராணுவ உதவியில் 30 விழுக்காட்டை, சுமார் 1.9 கோடி டாலரை, அமெரிக்க நாடாளுமன்றம் முடக்கி வைத்தது. மூன்றரை ஆண்டாக நகராத வழக்கு நகர்ந்தது. மே மாதம் காவல்படையினர் ஐந்து பேர் தண்டிக்கப்பட்டார்கள், பணம் விடுவிக்கப்பட்டது. நான்கு சான்றுகள் சாதிக்காததை ஒரு பூட்டு சாதித்தது. கொல்லப்பட்டவர்கள் அமெரிக்கர்கள் என்பதால்தான் அந்தப் பூட்டும் வந்தது. எல் மொசோட்டேக்காக யாரும் ஒரு டாலரைக்கூடப் பிடித்து வைக்கவில்லை.

1989 நவம்பரில் கெரில்லாக்கள் தலைநகருக்குள்ளேயே புகுந்தார்கள். 16ஆம் தேதி அதிகாலை, மத்திய அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தர் இக்னாசியோ எல்லாகுரியா உள்பட இயேசு சபைக் குருக்கள் ஆறு பேரும், சமையல் செய்த பெண்ணும், அவருடைய பதின்வயது மகளும் கொல்லப்பட்டார்கள். மறுபடியும் அட்லகாட்டில். எட்டு ஆண்டு கண்காணிப்புக்கும் பயிற்சிக்கும் பிறகு, அதே பட்டாலியன்.

இந்த முறை பாஸ்டனைச் சேர்ந்த அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஜோ மோக்லி தலைமையில் ஒரு குழு விசாரித்தது. எல் சால்வடோர் ராணுவத்தின் மேல்மட்டம் உண்மையை மறைக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னது. 1990 அக்டோபரில் 8.5 கோடி டாலர் ராணுவ உதவியைச் சரிபாதியாக வெட்டினார்கள். சட்டத்தின் அமைப்பு கவனிக்கத்தக்கது: அரசு பேச்சுவார்த்தையிலிருந்து விலகினாலோ விசாரணையை முடக்கினாலோ மீதியும் போகும், கெரில்லாக்கள் விலகினாலோ பெரும் தாக்குதல் தொடுத்தாலோ வெட்டியது திரும்ப வரும். இரு தரப்புக்கும் இழக்க ஏதோ இருந்தது. சோவியத் ஒன்றியம் தளர்ந்திருந்தது, சாண்டினிஸ்டாக்கள் தேர்தலில் தோற்றிருந்தார்கள், ஐ.நா. நடுவில் நின்றது, வெட்டு மட்டுமே அமைதியைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் 1991இல் குருக்கள் வழக்கில் ஒரு கர்னல் தண்டிக்கப்பட்டார். 1992 ஜனவரி 16 அன்று மெக்சிகோ நகரின் சபுல்தெபெக் கோட்டையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அட்லகாட்டில் கலைக்கப்பட்டது. அதற்குள் 75,000 பேர் இறந்திருந்தார்கள். ஐ.நா. உண்மை ஆணையத்துக்கு வந்த புகார்களில் ஏறத்தாழ 85 விழுக்காடு அரசுத் தரப்பின் மீது.

"நாம் நிறுத்தினால் வேறொருவன் கொடுப்பான்" என்பது அடுத்த வாதம். இது வலுவானது, பக்கத்து குவாத்தமாலாவே சாட்சி. கார்ட்டர் 1977இல் மனித உரிமை அறிக்கையைக் காட்டியதும் அந்த ராணுவம் உன் உதவியே வேண்டாம் என்றது. இஸ்ரேல் துப்பாக்கியும் விமானமும் விற்றது. மாயா கிராமங்கள் எரிந்த கொடூரமான ஆண்டுகள் அதற்குப் பிறகுதான் வந்தன. நிறுத்துவது எல்லா இடத்திலும் உயிரைக் காப்பாற்றும் என்று நான் வாதிடவில்லை. இந்த வாதத்தை நாமும் உள்ளூரிலேயே கேட்டிருக்கிறோம்: 2007 மே மாதம் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணன் சென்னையில் செய்தியாளர்களிடம், இலங்கை ஆயுதத்துக்குச் சீனாவிடமோ பாகிஸ்தானிடமோ போகக்கூடாது, எங்களிடம் வரட்டும், தேவை என்று நாங்கள் கருதுவதைக் கொடுப்போம் என்றார். இலங்கை இந்தியாவிடம் ராடார் வாங்கிக்கொண்டது, சீனாவிடமும் பாகிஸ்தானிடமும் ஆயுதம் வாங்கிக்கொண்டது. கொடுத்துச் சம்பாதித்த செல்வாக்கு 2009 மே மாதத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எல் சால்வடோர் அனுபவத்திலிருந்து அமெரிக்காவில் ஒரு நல்ல சட்டம் பிறகு வந்தது. செனட்டர் பேட்ரிக் லேஹி பெயரால் அறியப்படும் அது, கொடும் மனித உரிமை மீறல் செய்த படைப்பிரிவுக்கு உதவியைத் தடுக்கிறது. படைப்பிரிவு படைப்பிரிவாகப் பார்ப்பது முன்னேற்றம்தான். ஆனால் 2000ஆம் ஆண்டு கொலம்பியாவுக்கு 130 கோடி டாலர் திட்டம் வந்தபோது நாடாளுமன்றம் தனியே சேர்த்த மனித உரிமை நிபந்தனைகளை, தேச நலன் கருதி என்று சொல்லி கிளிண்டன் ஆகஸ்ட் மாதமே ஒதுக்கி வைத்தார். அப்படி ஒதுக்கும் வழியும் அதே சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. கொலம்பிய ராணுவம் ஏழை இளைஞர்களைக் கொன்று, கெரில்லா உடை மாட்டி, சண்டையில் கொன்ற கெரில்லாக்களின் எண்ணிக்கையில் சேர்த்தது. 2002 முதல் 2008 வரை அப்படிக் கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 6,402 பேர் என்று அந்நாட்டின் அமைதிக்கான சிறப்பு நீதிமன்றம் 2021இல் சொன்னது.

அடுத்த முறை எந்த நாடு எந்த ராணுவத்துக்கு "நிபந்தனையோடு" கொடுப்பதாகச் சொன்னாலும் நிபந்தனைப் பட்டியலை நான் படிக்கப் போவதில்லை. பணம் முன்கூட்டியே முடக்கப்பட்டிருக்கிறதா, சான்று எழுதுபவர் கொடுக்கத் துடிப்பவரேதானா, விலக்கு அளிக்கும் பிரிவு எங்கே ஒளிந்திருக்கிறது, இவற்றைத்தான் தேடுவேன். அந்த ராணுவம் தோற்றாலும் பரவாயில்லை என்று சொல்லும் துணிவு கொடுப்பவருக்கு இல்லையென்றால், ரொமேரோ கேட்டதையே நானும் கேட்பேன்.

எலியட் ஆப்ரம்ஸ் 2019 ஜனவரியில் வெனிசுவேலாவுக்கான அமெரிக்கச் சிறப்புத் தூதராக நியமிக்கப்பட்டார். அடுத்த மாதம் பிரதிநிதிகள் சபைக் குழுவில் உறுப்பினர் இல்ஹான் ஒமர் எல் மொசோட்டே பற்றிக் கேட்டார். எல் சால்வடோரில் ரீகன் ஆட்சியின் சாதனை அபாரமானது என்று ஆப்ரம்ஸ் முன்பு சொன்னதை நினைவூட்டி, இன்னும் அப்படித்தான் நினைக்கிறீர்களா என்றார். துவார்த்தே தேர்ந்தெடுக்கப்பட்ட நாள் முதல் இன்றுவரை அது ஜனநாயக நாடு, அதுதான் அபாரமான சாதனை என்று பதில் வந்தது.