பல துறை ஆய்வு கெடுவது கோப்பு கைமாறும் இடத்தில்

காலநிலை மாற்றத்தைப் பல துறைகள் சேர்ந்து ஆய்கின்றன என்று எல்லாப் பல்கலைக்கழகங்களும் சொல்கின்றன. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் வளிமண்டல அறிவியல், நீரியல், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், பொருளியல், சமூகவியல் என ஆறு துறைகளின் பெயர் இருக்கும். பணம் வந்ததும் ஆறு பங்காகப் பிரித்துக்கொண்டு அவரவர் ஆய்வகத்துக்குப் போய்விடுவார்கள். கடைசி சில மாதங்களில் ஆறு அத்தியாயங்களையும் சேர்த்துக் கட்டினால் அறிக்கை தயார். இதைக் கூட்டு ஆய்வு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு துறையின் முடிவு அடுத்த துறையின் உள்ளீடாகப் போகிற இடத்தில்தான் இந்த ஆய்வு உருப்படும், அல்லது கெடும். அந்த இடத்துக்கென்று ஆளும் ஒதுக்குவதில்லை, நேரமும் ஒதுக்குவதில்லை.

வானிலைக் குழு பயிர்க் குழுவுக்கு ஒரு கோப்பு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலை கெல்வினில் இருக்கும், 273.15 கழிக்க வேண்டும். மழை, சதுர மீட்டருக்கு நொடிக்கு இத்தனை கிலோகிராம் என்று இருக்கும். 86,400ஆல் பெருக்கினால்தான் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று வரும். இதில் தவறினால் எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். ஆபத்து, கண்ணுக்குத் தெரியாத பிழைகளில் இருக்கிறது. காலநிலையைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்களை மாதிரிகள் என்பார்கள். பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தின் ஹேட்ஜெம் குடும்பத்து மாதிரிகளில் ஆண்டுக்கு 360 நாள், எல்லா மாதத்துக்கும் 30 நாள். பிப்ரவரி 30 உண்டு, ஜூலை 31 கிடையாது. இதைக் கவனிக்காமல் நம் நாட்காட்டித் தேதிகளை வரிசையாக ஒட்டினால் ஆண்டுக்கு 5 நாளுக்கு மேல் நழுவும். 30 ஆண்டில் 150 நாளைத் தாண்டிவிடும். விதைப்பு நாள் வேறு பருவத்தில் போய் விழும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடிந்து, ஒரு விளைச்சல் எண்ணையும் கொடுத்துவிடும்.

அதைவிட நுட்பமான சிக்கல் தூறல். உலகளாவிய மாதிரிகள் பூமியின் பரப்பைக் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும்; ஒரு கட்டம் சுமார் 100 கிலோமீட்டர் அகலம். இவை கனமழையைக் குறைத்து, லேசான தூறலைப் பல நாட்களுக்குப் பரப்பிவிடும். மாத மொத்தம் சரியாகவே இருக்கும். ஆனால் பயிர் மாதிரிக்குள் மண் ஒருபோதும் நன்றாகக் காயாது, வறட்சியே தெரியாது. இதைச் சரிசெய்ய மழையை மட்டும் தனியாகத் திருத்தினால், கொட்டும் மழை நாளில் முழு வெயிலும் அடிப்பது போன்ற தரவு வரும். மழை, வெயில், வெப்பநிலை மூன்றையும் சேர்த்துத்தான் திருத்த வேண்டும். பயிர்க்காரர் முதலிலேயே சொல்லியிருந்தால் ஒழிய வானிலைக்காரருக்கு இது தெரிய வழியில்லை.

சுகாதாரத் துறையில் வேறு விதம். ஈஆர்ஏ5 (கடந்தகால வானிலையை மறுகணக்கிட்டுத் தரும் ஐரோப்பியத் தரவுத்தொகுப்பு) போன்ற தரவு கிரீன்விச் நேரத்தில் மணிக்கு மணி வருகிறது. இறப்புப் பதிவேடோ உள்ளூர்த் தேதியில். நேர வித்தியாசத்தைக் கழிக்காமல் நாள் உச்ச வெப்பத்தை எடுத்தால், கிரீன்விச்சிலிருந்து தள்ளியிருக்கும் ஊரில் ஒரு நாள் வெப்பம் அடுத்த நாள் இறப்போடு சேர்ந்துவிடலாம். வெப்பத்தின் விளைவு முதல் சில நாட்களுக்குள்ளேயே பெரும்பாலும் தெரிந்துவிடும் என்பதால், ஒரு நாள் பிசகுகூடச் சிறிய பிசகல்ல.

பொருளியல் குழுவோடு பேசும்போது தள்ளுபடி விகிதத்தை, அதாவது எதிர்கால இழப்பை இன்றைய மதிப்புக்கு மாற்ற ஆண்டுக்கு எத்தனை சதவீதம் குறைக்கிறார்கள் என்பதை, கட்டாயம் கேளுங்கள். 100 ஆண்டுக்குப் பிறகு வரும் 1,00,000 ரூபாய் இழப்பின் இன்றைய மதிப்பு, 1 சதவீதத்தில் சுமார் 37,000. 5 சதவீதத்தில் 760தான். வானிலைக் குழு ஆண்டுக்கணக்கில் உழைத்துக் குறைத்த நிச்சயமின்மையை இந்த ஒற்றை எண் விழுங்கிவிடும். எதற்காக அந்த விகிதம் என்பது அறம் சார்ந்த கேள்வி. அதை எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டும், பின்னிணைப்பில் ஒளித்துவைக்கக் கூடாது. வெப்ப உயர்வை எந்தக் காலத்திலிருந்து கணக்கிடுகிறோம் என்கிற அடிப்படைக் காலமும் அப்படித்தான். ஒருவர் 1850–1900இலிருந்து 2 டிகிரி என்கிறார், இன்னொருவர் 1991–2020இலிருந்து 2 டிகிரி என்கிறார். இரண்டும் ஒரே வரைபடத்தில் வந்தால் அந்த வரைபடத்துக்குப் பொருளே இல்லை.

சமூகவியலாளரைக் கடைசியில் 'மக்களிடம் கொண்டுபோக' மட்டும் கூப்பிடுவதுதான் எனக்கு மிகவும் வருத்தம். தகரக் கூரையின் கீழ் இரவில் தூங்க முடியாதவர்கள் யார் என்று முதலிலேயே அவர் கேட்டிருந்தால், பகல் உச்சத்துக்குப் பதில் இரவுக் குறைந்தபட்ச வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் எடுத்திருப்பார்கள். கேள்வி மாறினால் பதிவிறக்க வேண்டிய கோப்பே மாறுகிறது.

ஆகவே முதல் மூன்று மாதம் யாரும் பெரிய கணிப்பு எதையும் ஓட்ட வேண்டாம். அலகு, நாட்காட்டி, நேர மண்டலம், அடிப்படைக் காலம், எந்த உமிழ்வுப் பாதைகள் (பசுங்குடில் வாயு வெளியீடு இனி எப்படிப் போகும் என்ற அனுமானங்கள்), யாருடைய எந்த முடிவுக்கு இந்த எண் வேண்டும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுதி ஆறு குழுவும் ஒப்புக்கொள்ளட்டும். பிறகு ஒரே ஒரு கட்டம், ஓர் ஆண்டுத் தரவை எடுத்து வானிலையிலிருந்து பொருளியல் வரை முழுச் சங்கிலியிலும் ஓட்டிப் பாருங்கள். முக்கால்வாசிக் கோளாறு அங்கேயே வெளிவரும். இதற்கென்று முழுநேரத் தரவுப் பொறுப்பாளர் ஒருவர் திட்டம் முடியும்வரை வேண்டும்; முனைவர் பட்ட மாணவர் தலையில் கட்டினால் அவர் பட்டம் வாங்கிப் போகும்போது நிரல்களும் போய்விடும்.

பதவி உயர்வு விதியையும் மாற்றியாக வேண்டும். ஆய்வுக் கட்டுரையில் முதலில் பெயர் வரும் ஆசிரியருக்கு மட்டும் மதிப்பெண் என்றால், பெயர்களை அகரவரிசையில் போடும் பொருளியலாளரும், தரவைச் சரிசெய்து கொடுத்துப் பட்டியலின் நடுவில் நிற்கும் நீரியலாளரும் அடுத்த கூட்டுத் திட்டத்துக்கு ஏன் வரப்போகிறார்கள்?