மீன் மனுசனுக்கு ஜிப்பு மாட்டிக்கிச்சு

(கிருஷ்ணகிரி, கே.ஆர்.பி. அணை. பொரிச்ச மீன் கடைக்குப் பின்பக்கம். டிராக்டர் டியூப்பைச் செதில் செதிலாக வெட்டி ஒட்டிய உடுப்புக்குள் மாமா. தலை மட்டும் வெளியே. முதுகுப் பக்கம் தேங்காய் எண்ணெயோடு டைரக்டர் மாப்பிள்ளை.)

மாமா: வருதா இல்லையாடா?

மாப்பிள்ளை: பாதி வந்துடுச்சு மாமா. மூச்சை இழுத்துப் பிடிங்க.

மாமா: காலையில இழுத்ததே இன்னும் உள்ளதான் இருக்குது.

மாப்பிள்ளை: ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’, 1954. அதுல மீன் மனுசனா நீந்துன ரிக்கோ பிரவுனிங் தண்ணிக்குள்ள நாலு நிமிஷம் மூச்சடக்குவாராம்.

மாமா: அவரு பீடி குடிச்சிருக்க மாட்டாரு. பேரையாவது பெருசா போட்டாங்களா?

மாப்பிள்ளை: எங்க மாமா! தண்ணியில இவரு, தரையில பென் சாப்மன். ஒரு ஜந்துக்கு ரெண்டு ஆளு. ரெண்டு பேர் பேரும் டைட்டில்ல இல்ல. அந்தப் படத்துக்கு மரியாதை செய்யத்தானே நாம இதை எடுக்கறோம்? அதனால நாமளும்...

மாமா: பேர் போடாததுக்குப் பேரு மரியாதையா? மொய் நோட்டுல பத்து ரூபா வச்சவன் பேரைக்கூட ஊரு, அப்பன் பேரோட எழுதறாங்கடா! அங்க ரெண்டு ஆளு. இங்க தரைக்கும் நான், தண்ணிக்கும் நான். டீ வாங்கிட்டு வர்றதும் நான்.

மாப்பிள்ளை: கோவப்படாதீங்க. கெலவரப்பள்ளி டேம்ல எடுத்த சீனைப் பாருங்க, அசந்துடுவீங்க. நுரைக்குள்ள இருந்து நீங்க எந்திரிச்சு வர்றது... புகை மெஷின் வாடகையே மிச்சம்.

மாமா: பெங்களூர்க் கழிவு பூரா தென்பெண்ணையில நுரை கட்டி நிக்குது, அதுல என்னை முக்கி எடுத்த. மூணு நாளா சொறியறேன். இந்தச் செதிலுக்கு அடியில நெசமாவே செதிலு முளைச்சா நீதான் பொறுப்பு.

மாப்பிள்ளை: ரத்தம்தான் கவுத்துடுச்சு மாமா. ‘சைக்கோ’ படத்துல, 1960, ரத்தத்துக்கு சாக்லேட் பாகுதான் ஊத்துனாங்க. கறுப்பு வெள்ளையில அது அப்படியே ரத்தம்.

மாமா: அதுக்குத்தானே எங்க ஃபேக்டரியில சொல்லி மாங்கூழ் டின்னு கொண்டாந்தேன்!

மாப்பிள்ளை: நம்ம படமும் கறுப்பு வெள்ளைதானே, மஞ்சளு வெள்ளையா விழுந்துடுச்சு. நீங்க கழுத்தைக் கடிச்சா அந்தப் பொண்ணுக்குத் தயிர் ஒழுகற மாதிரி இருக்குது.

மாமா: செத்துக் கிடந்தவ நாக்கை நீட்டி நக்குனாளே, அதைச் சொல்லு. சரி, அந்த மீனை எடு. விரலுக்கு நடுவுல நீ வச்ச ஜவ்வுல எதையும் பிடிக்க முடியல. முள்ளை எடுத்துட்டு ஊட்டு.

மாப்பிள்ளை: மெதுவா தின்னுங்க, ஜனங்க பார்க்குது. மீன் மனுசனே மீனைத் தின்னா என்ன நினைப்பாங்க? சொந்தக்காரனாச்சே!

மாமா: சொந்தம் இல்லடா, பங்காளி. பங்காளியைத் திங்கலாம்.

மாப்பிள்ளை: இருட்டறதுக்குள்ள கை ஷாட்டு எடுத்துடணும் மாமா. அந்தப் படத்துல மொதல்ல தண்ணியில இருந்து கை மட்டும்தான் வரும். நம்ம படத்துலயும் பாதி வரைக்கும் கை, முதுகு, நிழல். அவ்ளோதான்.

மாமா: நிழலுக்கு எதுக்குடா இத்தனை செதிலு? உங்க அத்தை ஆறு நாளா ஒட்டுனா! மூஞ்சி எப்போ வரும்?

மாப்பிள்ளை: கிளைமாக்ஸ்ல. முகமூடியோட.

மாமா: அப்போ சொந்தபந்தம் வந்து உக்காந்தா, அது நான்தான்னு எவனுக்குத் தெரியும்?

மாப்பிள்ளை: அத்தைக்குத் தெரிஞ்சிடுச்சே!

மாமா: எப்படி?

மாப்பிள்ளை: உறுமலை வச்சு. காட்ஜில்லாவுக்கு டபுள் பேஸ்னு ஒரு பெரிய வாத்தியத்தோட கம்பியைத் தோல் கையுறையால தேய்ச்சு உறுமல் பண்ணாங்க. அந்த வாத்தியத்துக்கு நான் எங்க போறது? சனிக்கிழமை நீங்க திண்ணையில படுத்திருந்தீங்க. தலைமாட்டுல போனை வச்சுட்டேன். அப்புறம் கொஞ்சம் வேகத்தைக் குறைச்சேன்.

மாமா: அடப்பாவி! என் குறட்டையா?

மாப்பிள்ளை: நேத்து உங்க வீட்ல டிரெய்லர் போட்டேன். அத்தை அடுப்படியில முதுகு காட்டி நின்னு தோசை ஊத்திட்டு இருந்தாங்க. உறுமல் வந்துச்சு. திரும்பிக்கூடப் பார்க்கல.

மாமா: ஒண்ணுமே சொல்லலியா?

மாப்பிள்ளை: “ஏங்க, ஒருக்களிச்சுப் படுங்க”ன்னாங்க.