மூன்று நாள் வடைக் கடைக்கு எட்டுத் தரம் அலைந்தோம்

கோயிலில் கொடி இறங்கியது ஞாயிற்றுக்கிழமை. எங்கள் மாமியின் கடைக்கான அனுமதித் தாள் கைக்கு வந்தது திங்கட்கிழமை காலை பத்தரைக்கு. கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, திருவிழாத் திகதி மூன்றையும் தெளிவாக எழுதி, அந்த மூன்று நாளும் முடிந்த பிறகு தந்தார்கள். "இந்தாங்க அம்மா, எல்லாம் சரி" என்று வேறு சொன்னார் அந்த மனிதர். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே கத்தியிருப்பேன். மாமிதான் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தார்.

மாமி 22 வருடமாகத் திருவிழாவுக்குத் திருவிழா வடை சுடுகிறவர். மாமா போன பிறகு தொடங்கியது. மற்ற நாட்களில் இடியப்பம் அவித்துப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுப்பார், ஆனால் அது அன்றாடம் வயிற்றுக்கே சரி. நாலு காசு சேர்வது திருவிழாவில்தான். கொழும்புச் செட்டியார் தெருவில் இருந்து வேல் புறப்படுகிற ஆடிவேல் என்றாலும், ஜூன் 13 கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் என்றாலும், ஒரு சின்னக் கோயில் தேர் என்றாலும், கும்பிட்டு முடித்த சனம் அடுத்து தேடுவது கச்சானையும் கடலையையும் பம்பாய் முட்டாயையும் சுடச்சுட வடையையும்தானே. பேரப்பிள்ளைகளின் ஸ்கூல் சப்பாத்து, மாமியின் கண் ஆப்பரேஷன், எல்லாம் அந்தக் காசில் வந்தவை.

இந்த முறை கோயில் நிர்வாகம் முன்கூட்டியே சொல்லிவிட்டது, சுகாதார அனுமதி இல்லாமல் யாரும் கடை போட முடியாது என்று. நியாயம்தான். ஒரு மாதத்துக்கு முன்பே மாமியை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். முதலில் ஜி.எஸ். (கிராம சேவகர்) கடிதம் வேண்டும் என்றார்கள், அவரைப் பிடிக்க இரண்டு தரம் போனோம், அதைக் கொண்டுபோனால் மருத்துவச் சான்றிதழ் எங்கே என்றார்கள், அதையும் எடுத்துக்கொண்டு போனால் கோயிலின் கடிதத்தில் கடைக்கு இலக்கம் போடவில்லை என்றார்கள், கோயிலில் கேட்டால் அனுமதி வந்தால்தான் இலக்கம் தருவோம் என்றார்கள். அனுமதிக்கு இலக்கம் வேண்டும், இலக்கத்துக்கு அனுமதி வேண்டும். இதற்கு நடுவில் 64 வயது மனுஷி வெயிலில் நிற்கிறார். கட்டணம் கட்டுவது வேறு கட்டடத்தில், அங்கே பன்னிரண்டு மணிக்கு மேல் காசு வாங்கமாட்டார்கள். கடைசியில் எல்லாத் தாளும் சேர்ந்த நாளில், கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. அவருக்குப் பதிலாக யார் என்று கேட்டேன். "ஹெட்ட எண்ட." சிங்களத்தில், நாளைக்கு வாங்க. எட்டுத் தரம் போயிருக்கிறோம், அதில் ஐந்து தரம் கேட்டது இந்த இரண்டு சொல்லைத்தான்.

சட்டமே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என் தம்பி நெருப்புக் காய்ச்சலில் 12 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவன். ரோட்டோரத்தில் எதையோ வாங்கித் தின்றதுதான் என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் சும்மா எழுதி வைத்தது இல்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்க்கட்டும், அழுகினதைத் தூக்கி எறியட்டும், அழுக்குக் கையோடு விற்கிறவனுக்கு வழக்குப் போடட்டும். மாமியும் அதைத்தான் சொல்கிறார்.

ஆனால் என்ன பார்த்தார்கள்? வீட்டுக்கு வந்தவர் குசினிச் சுவரைப் பார்த்தார், மறுபடி பெயின்ட் அடிக்கச் சொன்னார். சரி, அடித்தோம். சட்னியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை! கொதிக்கிற எண்ணெயில் இருந்து அப்போதுதான் எடுத்த வடையில் கிருமி எங்கே இருக்கப்போகிறது? ஆபத்து பக்கத்தில் இருக்கிற தேங்காய்ச் சட்னியில். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில் இருக்கிற சாப்பாட்டில்தான் கிருமி பெருகும், கொழும்பு வெக்கையில் காலையில் அரைத்த சட்னி சாயங்காலம் வரைக்கும் வெளியே இருந்தால் சின்னப் பிள்ளைகளின் வயிறு என்ன ஆகும்? மாமி இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் புதிதாக அரைப்பார், மிஞ்சினதை ஊற்றிவிடுவார், தேங்காய் 200 ரூபாய்க்கு மேல் விற்ற நாளிலும் அப்படித்தான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எந்த எண்ணெய், எத்தனை தரம் காய்ச்சுகிறீர்கள், வடையைப் பழைய கொப்பித் தாளில் சுற்றுகிறீர்களா, காசு வாங்குகிற கையாலேயே வடை எடுக்கிறீர்களா, இதில் ஒன்றையாவது கேட்டிருந்தால் நான் இப்படிக் குமுறமாட்டேன்.

அப்புறம் தண்ணீர். திருவிழா வீதியில் அத்தனை கடைக்கும் ஒரு குழாய் கிடையாது. வீட்டில் இருந்து கேனில் கொண்டுபோக வேண்டும், அது ஏழு மணிக்குள் தீர்ந்துவிடும், பிறகு ஒரே வாளித் தண்ணீரில் இரவு முழுக்கக் கை கழுவுகிறார்கள், கரண்டி கழுவுகிறார்கள். குப்பை போட ஒரு தொட்டி இல்லை. அனுமதிக்குக் கட்டணம் வாங்குகிறீர்களே, அந்தக் காசில் வீதி முனையில் ஒரு தண்ணீர் பவுசரைக் கொண்டுவந்து நிறுத்தினால் எத்தனை பேருக்கு வயிற்றுப்போக்கு வராமல் போகும்!

இதில் என்னை அதிகம் சுட்டது வேறு. மூன்று நாளும் நான் அந்த வீதிக்குப் போனேன். பெரிய கடைக்காரர்கள் கூடாரம் போட்டிருந்தார்கள், அவர்களிடம் வருடாந்த அனுமதி ஏற்கெனவே இருக்கிறது, அலைவதற்குச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இருட்டின பிறகு தெரு மூலையில் எந்தத் தாளும் இல்லாமல் நாலைந்து பேர் அடுப்பு வைத்தார்கள், அவர்களை யாரும் கேட்கவில்லை. நான் அவர்களைக் காட்டிக்கொடுக்க எழுதவில்லை, அவர்களும் பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் அலுவலகம் மாமிக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கேட்டுப் போனால் இல்லை, கேட்காமல் வைத்தால் ஒன்றும் இல்லை. நேர்மையாகப் போனவர் வீட்டில் இருந்தார்.

படிவத்தையும் சொல்லாமல் விடமுடியாது. நான்கு பக்கம், முழுக்கச் சிங்களத்தில். தமிழ்ப் படிவம் கேட்டேன், முடிந்துவிட்டதாம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் 13ஆம் திருத்தத்தோடு அரசியலமைப்பில் எழுதியாகிவிட்டது. அது பிறந்த வருடம் பிறந்தவர்களுக்கே தலை நரைக்கத் தொடங்கிவிட்டது, இன்னும் நான் பக்கத்தில் இருந்து வாசித்துச் சொன்னால்தான் மாமியால் கையெழுத்து வைக்க முடிகிறது. கூட்டிக்கொண்டு போக ஆள் இல்லாதவர் என்ன செய்வார்?

செய்ய முடியாத வேலை என்றால் நானும் பேசாமல் இருப்பேன். வெசாக் வந்தால் தன்சல் என்று இலவசச் சாப்பாட்டுப் பந்தல் போடுகிறவர்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும் என்று அறிவிக்கிறார்கள், பி.எச்.ஐ.மார் தன்சல் நடக்கிற இடத்துக்கே போய்ப் பார்க்கிறார்கள். இலவசச் சாப்பாட்டுக்கு இப்படிச் செய்யத் தெரிகிறதே, அதே வழியை மூன்று நாள் வடைக் கடைக்கும் வைத்தால் என்ன? கோயில், கடை போடுகிறவர்களின் பெயரை மொத்தமாக ஒரு பட்டியலில் கொடுக்கட்டும். எல்லாரையும் ஒரு நாள் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டு, அங்கேயே சான்றிதழைப் பார்த்து, சட்னி, தண்ணீர், எண்ணெய் எல்லாம் தமிழில் சொல்லிக்கொடுத்து, அங்கேயே காசு வாங்கித் தாளைக் கொடுத்துவிடலாம். திருவிழா அன்று வந்து அடுப்படியில் பார்க்கலாம். மூன்று நாளைக்கு மூன்று நாள் கட்டணம்.

ஊறப்போட வாங்கின 15 கிலோ உளுந்து இன்னும் மாமி வீட்டுக் குசினி மூலையில் இருக்கிறது. அடுத்த மாதம் இன்னொரு கோயிலில் தேர் வருகிறது. இந்த அனுமதி அதற்குச் செல்லாதாம், திரும்பவும் ஜி.எஸ். கடிதத்தில் இருந்து தொடங்க வேண்டுமாம். "போதும் மகள், விடு" என்கிறார் மாமி. நான் செவ்வாய்க்கிழமைக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.