சீட்டு எழுதிக் கொடுத்த பெண்மணியும் சிரித்தவர்களும்

அந்தப் பதிவை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அறுவை சிகிச்சைக்கு வந்த பெண்மணி ஒருவர் "எனக்கு ஸ்கோலின் போட வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்த சீட்டைப் படம்பிடித்துப் போட்டு, மயக்க மருந்தையும் இனி நோயாளிகளே முடிவு செய்வார்கள் என்று ஒரு மருத்துவர் கேலி செய்திருந்தார். 2011இல் எனக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடக்காமல் இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

ஸ்கோலின் என்பது மூச்சுக்குழாய் வைப்பதற்காகத் தசைகளைத் தளர்த்தப் போடும் ஊசி. ரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி அதைச் சிதைத்துவிடுவதால் பத்து நிமிடத்துக்குள் அதன் வேகம் தீர்ந்துவிடும். அந்த நொதி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு அது மணிக்கணக்கில் நீடிக்கும். மூச்சுவிடும் தசைகூட அசையாது. ஊசி ஏறும் நாள்வரை ஓர் அறிகுறியும் இராது.

எனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது; உடம்பு தெளியவில்லை. தட்டில் கத்தரிகளை ஒவ்வொன்றாக எண்ணி வைக்கும் ஓசையும், "டீ வந்துடுச்சா?" என்று ஒருவர் கேட்டதும் காதில் தெளிவாக விழுந்தன. கண்ணிமையைத் தூக்கப் பார்த்தேன், அது என்னுடையதாகவே இல்லை. யாரோ விவரம் புரிந்து மீண்டும் தூங்க வைத்து, ஐந்து மணி நேரம் வென்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். உயிரைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியது "மயக்கம் தெளியத் தாமதம்" என்ற மூன்றே சொற்கள். இந்த நொதிக் குறைதான் காரணம் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டாமா? இது பெற்றோர் இருவர் வழியாகவும் வருவது. உடன்பிறந்த ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மூன்று ஆண்டுகள் கழித்து என் தங்கைக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தபோது, வேறொரு மயக்க மருத்துவர் குடும்பத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டதால்தான் அவள் தப்பினாள்.

"அரிதான ஒன்றுக்காக இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்பீர்கள். யாருக்கு அரிது? நான் ஆரிய வைசியக் குடும்பத்தில் பிறந்தவன். நூற்றாண்டுகளாக உள்ளுக்குள்ளேயே மணம் செய்துகொண்டதால் எங்களிடையே இந்தக் குறை மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். அதற்குக் காரணமான மரபணு மாற்றமொன்றை 2006இல் ஆய்விதழில் வெளியிட்டவர்களில் கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தாரும் உண்டு. இதைச் சொன்னால் சாதியை இழுக்கிறேன் என்கிறார்கள். ஐயா, கல்யாணப் பத்திரிகையில் உறுத்தாத சாதி மருத்துவக் குறிப்பில் மட்டும் ஏன் உறுத்துகிறது? மற்றவர்களுக்கும் இது வரும் என்பது எனக்கும் தெரியும்.

"எல்லோருக்கும் பரிசோதிக்க முடியுமா?" எல்லோருக்கும் யார் கேட்டது? பூச்சிமருந்து குடித்து வருபவர்களுக்கு நம் ஊரில் அன்றாடம் பார்க்கும் அதே கோலினெஸ்டரேஸ் நொதியின் அளவைத்தான் சொல்கிறேன். அவசர நேரத்தில் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்கிறீர்களா? அதற்காகத்தானே அந்தப் பெண்மணி முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்! ரோகுரோனியம் போன்ற மாற்று மருந்து இருக்கிறது. மருத்துவர் எழுதித் தராததை நோயாளி எழுதி வந்தால் அது கூகுள் படிப்பாம்.

சிரித்தவர்களில் என் கல்லூரி நண்பர்கள் மூவர் இருந்தார்கள். என் கதை அவர்களுக்குத் தெரியும். ஒருவன் அன்று வென்டிலேட்டர் அறைக்கு வெளியே என் அம்மாவுக்குக் காபி வாங்கிக் கொடுத்தவன்.

அடுத்த மாதம் தங்கை மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை. அவளுக்கான சீட்டை நான்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.