பாட்டி தூற்றிய மண்

போன மாதம் ஒரு ராத்திரி அக்கா கூப்பிட்டு, "தம்பி, நம்ம குடும்பத்துல யாராச்சும் ஒரு பொம்பளையோட வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டாங்களா? அம்மாகிட்ட மெதுவாக் கேட்டுச் சொல்லு" என்றாள். குரலே சரியில்லை. என்ன ஏது என்று கேட்டதும் அழ ஆரம்பித்துவிட்டாள்.

அக்காவுக்குக் கல்யாணமாகிப் பதினொரு வருடம். குழந்தை இல்லை. மருத்துவமனை, ஊசி, மாத்திரை, இரண்டு முறை செயற்கைக் கருத்தரிப்பு, எல்லாம் ஆயிற்று. யாரோ சொன்னார்கள் என்று இங்கே கோலாலம்பூரில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் ஜோசியரிடம் போயிருக்கிறாள். அவர் இரண்டு ஜாதகத்தையும் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஸ்திரீ சாபம்" என்று சொல்லியிருக்கிறார். நாலு தலைமுறைக்கு முன்னால் உங்கள் வம்சத்து ஆண் ஒருவன் ஒரு பெண்ணைக் கெடுத்துக் கைவிட்டான், அவள் விட்ட சாபம்தான் இப்போது உன் வயிற்றைக் கட்டி வைத்திருக்கிறது என்று. பரிகாரம் 4,200 ரிங்கிட். 500 ரிங்கிட் முன்பணம்.

பணம் போனால் போகட்டும், சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் எந்தத் தப்பும் செய்யாத ஒருத்தியை, ஏற்கெனவே ஒவ்வொரு மாதமும் உடைந்துபோகிற ஒருத்தியை, நீ ஒரு குற்றத்தின் வாரிசு என்று சொல்லி அனுப்பியிருக்கிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். சாபத்தை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுகிற ஆள் இல்லை நான். சாபத்தின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. காரணம் என் பாட்டி.

பாட்டி சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். விடியாத நேரத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்பார், மதியத்துக்கு மேல் கையெல்லாம் ஒட்டுப்பால் வாடையோடு லயத்து வீட்டுக்குத் திரும்புவார். தொண்ணூறுகளில் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டது. நம்மில் எத்தனையோ குடும்பங்களுக்கு இதே கதைதான், விளக்கவே வேண்டாம். வெளியேறச் சொல்லிக் கடிதம் வந்தது. மாட்டுக் கொட்டகை, கொல்லையில் போட்ட முருங்கை, தாத்தா நட்ட மாமரம், எதற்கும் கணக்கில்லை. கடைசி நாள் லோரியில் சாமான் ஏற்றி முடித்ததும், பாட்டி காளியம்மன் கோயிலுக்கு முன்னால் போய்க் கொண்டையை அவிழ்த்துவிட்டார். இரண்டு கையாலும் மண்ணை அள்ளி ஆபீஸ் பக்கம் தூற்றினார். "எங்க வயித்துல அடிச்சவன் வீட்டுல வெளக்கு எரியாது. எங்கள மண்ண விட்டு எடுத்தவன் மண்ணுக்கு அலைவான்." எனக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதுவரை அவர் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

பலித்ததா என்றால், இல்லை. வீடுகள் எழும்பின, விற்றவர்கள் நன்றாகவே வாழ்ந்தார்கள். பாட்டிதான் மின்தூக்கி அடிக்கடி நின்றுபோகும் மலிவுவிலை அடுக்குமாடியில் ஐந்தாவது மாடி ஏறி இறங்கி ஏறி இறங்கியே போய்ச் சேர்ந்தார். ஆனால் அன்று நடந்தது அநியாயம் என்று யார் எங்கே எழுதி வைத்தார்கள்? எந்தக் கோப்பில் இருக்கிறது? எந்த நீதிமன்றத்தில்? அங்கே நின்ற பெரியவர்கள் எல்லாரும் தலை குனிந்து லோரியில் ஏறினார்கள். நடந்தது அநியாயம் என்று சத்தம் போட்டுச் சொன்ன ஒரே குரல் பாட்டியுடையது, அது சாபமாகத்தான் வந்தது. வழக்குப் போடப் பணமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவருக்குத் தெரிந்த விதத்தில் வழக்குப் போட்டுவிட்டுப் போனார்.

இதைப் புரிந்துகொண்ட பிறகு எந்த நாட்டுச் சாபக் கதையைப் படித்தாலும் முதலில் நான் பார்ப்பது, பேசுவது யார், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்பதைத்தான். இங்கிலாந்தில் பாத் என்ற ஊரில் ஒரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. ரோமானியர் காலத்தில் அங்கே சூலிஸ் மினர்வா என்ற தேவிக்குக் கோயில். அந்த ஊற்றுக்குள்ளிருந்து ஏறக்குறைய 130 ஈயத் தகடுகள் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் திருட்டுக் கொடுத்தவர்கள் எழுதிப் போட்ட சாபங்கள். திருடுபோனது என்ன தெரியுமா? போர்வை, மேலங்கி, வெண்கலப் பாத்திரம், கொஞ்சம் காசு. தொசிமேதிஸ் என்பவன் இரண்டு கையுறை தொலைத்துவிட்டு, எடுத்தவனுக்குப் புத்தியும் கண்ணும் போகட்டும் என்று தேவியிடம் கேட்கிறான். கையுறைக்குப் போய்க் கண்ணா என்று தோன்றும். அந்தக் குளிரில் ஒரு ஏழைக்குக் கையுறை என்றால் என்ன என்று யோசித்தால் அப்படித் தோன்றாது. பல தகடுகளில், எடுத்தவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமையல்லாதவரோ என்று ஒருவரையும் விடாமல் எழுதியிருக்கிறார்கள். மனு எழுதுகிறவர்கள் ஓட்டை இல்லாமல் எழுதுவது போலவே.

நம்ம ஊர்க் கதையும் இதேதான். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் ஆனைமலை மாசாணியம்மன் கோயிலில் நீதிக்கல் என்று ஒரு கல் உண்டு. திருட்டுக் கொடுத்தவர்களும் ஏமாற்றப்பட்டவர்களும் மிளகாயை அரைத்து அதில் பூசிவிட்டு வருவார்கள். கல்லின் பெயரைக் கவனியுங்கள். அங்கே போகிறவர் எத்தனை பேர் முதலில் காவல் நிலையத்துக்குப் போய்விட்டு, ஒன்றும் நடக்காமல் திரும்பியவர்களாக இருப்பார்கள்!

கோலாலம்பூர்க்காரர்கள் நாம் தைப்பூசத்துக்குத் தைப்பூசம் பத்துமலையில் 272 படி ஏறுகிறோம். அந்த மலையைப் பற்றி மலாய்க்காரர்களிடம் வேறொரு கதை இருக்கிறது. சி தாங்காங் என்ற ஏழைப் பையன் கடலோடிப் பெரிய கப்பல் தலைவனாகித் திரும்பி வருகிறான். பார்க்க ஓடி வந்த தாயை, மனைவி முன்னால் அவமானப்பட்டு, இவள் யாரென்றே தெரியாது என்று விரட்டிவிடுகிறான். தாய் கையேந்தி வேண்ட, கப்பலோடு கல்லாகிறான். அந்தக் கப்பல்தான் பத்துமலை என்பார்கள். சுமத்ராவில் பாடாங் கடற்கரையில் மாலின் குண்டாங் என்று இதே கதை, அங்கேயும் ஒரு பாறையைக் காட்டுகிறார்கள். மலாயில் சும்பா என்ற ஒரே சொல்தான் சத்தியப் பிரமாணத்துக்கும் சாபத்துக்கும். அந்தத் தாய்க்கு ஊரில் சாட்சி இல்லை. நான்தான் பெற்றேன் என்று அவள் செய்த சத்தியமே சாபமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றும்.

என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார அண்ணன் ஒருவர், பாட்டியின் கதையைக் கேட்டுவிட்டு ஒரு நபிமொழியைச் சொன்னார். முஆத் என்ற தோழரை யேமனுக்கு அனுப்பும்போது நபி சொன்னது: அநீதி இழைக்கப்பட்டவனின் பிரார்த்தனைக்கு அஞ்சு, அதற்கும் இறைவனுக்கும் இடையே திரை இல்லை. யாரிடம் சொல்கிறார் என்று பாருங்கள். அதிகாரத்தோடு போய் ஜக்காத்து என்ற ஏழைவரியை வசூலிக்கப் போகிற மனிதரிடம். வள்ளுவரும் "அல்லற்பட்டு ஆற்றாது அழுதகண் ணீரன்றே செல்வத்தைத் தேய்க்கும் படை" என்ற குறளைக் கொடுங்கோன்மை அதிகாரத்தில்தான் வைத்திருக்கிறார். இரண்டுமே ஆளுகிறவன் காதில் போடப்பட்ட சொல்.

விவிலியத்தில் உபாகமம் 27ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு சாபம் வரிசையாக வருகிறது. அயலானின் எல்லைக்கல்லைத் தள்ளிவைப்பவன் சபிக்கப்பட்டவன், குருடனுக்கு வழி தப்பச் சொல்பவன் சபிக்கப்பட்டவன், பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் நியாயத்தைப் புரட்டுகிறவன் சபிக்கப்பட்டவன். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். எல்லைக்கல் என்று படித்தபோது எனக்குப் பாட்டிதான் கண்முன் வந்தார்.

ஆனால் அதே விவிலியத்திலிருந்தே இன்னொரு சாபத்தையும் எடுத்தார்கள். ஆதியாகமத்தில் நோவா கானானைச் சபிக்கிறார், சகோதரர்களுக்கு அடிமையாக இருப்பாய் என்று. கறுப்பின மக்கள்தான் அந்தச் சாபத்தின் வாரிசுகள் என்று சொல்லி அமெரிக்காவில் அடிமை வைத்திருந்தவர்கள் அடிமைத்தனத்தை நியாயப்படுத்தினார்கள். சாட்டை பிடித்தவன் கைக்குச் சாபம் போனால் இதுதான் கதி. அடிபடுகிறவனைப் பார்த்து, உன் முப்பாட்டன் வாங்கிய சாபம், அனுபவி என்கிறான். கடைவீட்டு மாடியில் அக்காவுக்கு நடந்ததும் அளவில் சிறியது, வகையில் இதுதான்.

சரி, நம் இலக்கியத்திலேயே முற்பிறவிச் சாபம் இருக்கிறதே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கிறது. மதுரை எரிந்த பிறகு மதுராபதித் தெய்வம் கண்ணகியிடம் வந்து, கோவலன் முற்பிறவியில் பரதன் என்ற பெயரோடு இருந்தான், சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்ல வைத்தான், சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து மலையேறி விழுந்து செத்தாள் என்கிறது. "எம்முறு துயரம் செய்தோர் யாவதும் தம்முறு துயரம் இற்றாகுக" என்று "விழுவோள் இட்ட வழுவில் சாபம்". சிலப்பதிகாரத்தில் இந்த இடம் எனக்கு எப்போதும் உறுத்தும், கண்ணகியின் நியாயத்தைக் கொஞ்சம் மழுக்குகிறதோ என்று. ஆனாலும் இளங்கோவடிகள் நீலியைப் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். அவள் புருஷன் பெயர் இருக்கிறது, சொல்லப்பட்ட பொய் என்ன என்பது இருக்கிறது, எத்தனை நாள் தெருவில் அலைந்தாள் என்பது வரை இருக்கிறது. ஜோசியர் சொன்ன பெண்ணுக்குப் பெயர் உண்டா? ஊர் உண்டா? நாலு தலைமுறைக்கு முன்னால் யாரோ ஒரு பெண். அப்படி ஒருத்தி நிஜமாகவே இருந்திருந்தால் அவளையும் சேர்த்துத்தானே இவர் கேவலப்படுத்துகிறார்? அவளுடைய துயரத்துக்கு 4,200 என்று விலை எழுதிவிட்டார்.

மாண்டவ்யர் கதையை அக்காவுக்குச் சொன்னேன். மகாபாரதத்தில் வருவது. மௌனத் தவத்தில் இருந்த முனிவரைத் திருடர்களோடு சேர்த்துக் கழுவில் ஏற்றிவிடுகிறான் அரசன். உயிர் போகவில்லை. பிறகு தர்மதேவனிடம் போய், நான் என்ன பாவம் செய்தேன் என்று கேட்கிறார். சின்ன வயதில் பூச்சி ஒன்றைப் புல்லால் குத்தினாய் என்று பதில் வருகிறது. மாண்டவ்யர் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வரவில்லை. பரிகாரம் கேட்கவில்லை. இந்தச் சின்னத் தப்புக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று தர்மதேவனையே மண்ணில் பிறக்கச் சபித்தார், அவர்தான் விதுரராகப் பிறந்தார். அதோடு, பதினான்கு வயது வரை ஒருவன் செய்வது பாவக் கணக்கில் சேராது என்று புதுச் சட்டமும் வகுத்தார். தான் செய்த தப்புக்கே அளவு கேட்ட மனிதர் நம் புராணத்தில் இருக்கிறார். பிறக்கும் முன்னால் எவனோ செய்ததற்கு அக்கா எதற்குத் தலை குனிய வேண்டும்?

சாபத்துக்குப் பயப்பட வேண்டியவர்கள் பயந்த கதைகளும் இருக்கின்றன, அவைதான் எனக்குப் பிடித்தவை. 1610இல் மைசூர் அரசர் ராஜ உடையார் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்தார். தோற்றுப்போனவரின் மனைவி அலமேலம்மாளிடமிருந்த நகைகளைப் பறிக்க ஆள் விரட்ட, அவர் காவிரியில் குதித்தார் என்கிறது கதை. காவிரிக்கரைத் தலக்காடு மணலாகட்டும், மாலங்கி மடுவாகட்டும், மைசூர் அரசருக்குப் பிள்ளையில்லாமல் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் குதித்தாராம். அந்த அரச குடும்பம் அலமேலம்மாளுக்குச் சிலை வைத்துக் கும்பிட்டது. ஜப்பானில் மிச்சிசானே என்ற அறிஞரைப் பொய்க் குற்றம் சாட்டி நாடு கடத்தினார்கள், 903இல் அங்கேயே இறந்தார். 930இல் அரண்மனையில் இடி விழுந்து ஆட்கள் செத்தபோது அது அவருடைய ஆவிதான் என்று நடுங்கி, பறித்த பதவியை முன்பே திருப்பித் தந்திருந்தவர்கள் கோயிலும் கட்டினார்கள். இன்றைக்கு ஜப்பானியப் பிள்ளைகள் பரீட்சைக்கு முன்னால் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு இடத்திலும் பரிகாரம் செய்தது அநியாயம் செய்த பக்கம்.

லங்காவித் தீவின் மசூரி கதைதான் என்னைக் கஷ்டப்படுத்தும். பொய்யான பழி சுமத்தி அந்தப் பெண்ணைக் கொன்றார்கள், வெள்ளை ரத்தம் வந்தது, ஏழு தலைமுறைக்கு இந்தத் தீவு செழிக்காது என்றாள் என்பார்கள். பிறகு 1821 வாக்கில் சயாம் படை வந்தது, நெல் எரிந்தது. அங்கே பாடாங் மட்சிராட் என்ற ஊரில் எரிந்த அரிசி என்று இன்றும் காட்டுகிறார்கள். அந்த நெல்லை விதைத்த விவசாயியா மசூரியைக் கொன்றான்? கண்ணகியாவது பெண்களையும் மூத்தோரையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுத் தீயவர் பக்கமே சேர் என்று தீயிடம் சொன்னாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்குத் தெரிஞ்சு அப்படி யாரும் இல்லப்பா. ஒங்க பாட்டி விட்டதுதான் உண்டு" என்றார். அப்படியே அக்காவிடம் சொன்னேன். அவள் அந்தச் சமயம் ஈப்போவில் பெரியம்மா வீட்டில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள், தோட்டத்தை விட்டு வந்த நாளை அவள் பார்க்கவில்லை. பாட்டி என்ன சொன்னார் என்று சொல்லச் சொன்னாள். சொன்னேன். திரும்ப ஒருமுறை சொல்லச் சொன்னாள். அந்த 500 ரிங்கிட்டைத் திருப்பிக் கேட்கப் போகிறாளாம். சனிக்கிழமை நானும் கூடப் போகிறேன்.